எண்ணெயம்மாவின் மூக்கு

எண்ணெயம்மாவுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. ஸ்டேஷன் ரிஜிஸ்டரில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். தகப்பன் பெயர், புருஷன் பெயர், வயது சுமார் நாற்பத்தைந்து என்று எல்லாம் இருக்கும். இருந்தாலும் இங்கே எழுத மாட்டேன். வாசனை விஷயத்தில் அந்த அம்மாள் ஆயுளில் ஒரே ஒரு பொய்தான் சொன்னார். அந்தப் பொய்யால்தான் என் உத்தியோகம் தப்பியது. அதைச் சொல்லும்போது பெயரையும் சேர்த்துச் சொன்னால் அவருக்குக் கட்டாயம் பிடிக்காது.

அப்போது எங்கள் பக்கமெல்லாம் சேலம் ஜில்லா. ஜில்லாவுக்கு மதுவிலக்கு வந்த புதிது. பாப்பிரெட்டிப்பட்டியைத் தாண்டி, சித்தேரி மலையடியில் ஒரு சின்ன ஸ்டேஷனில் நான் ரைட்டராக இருந்தேன். ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவன் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கே எத்தனை ஊறல் பானை உடைத்தோம், எத்தனை பாட்டில் பிடித்தோம் என்று எழுதுகிறவன். கல்யாணமாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. என் மாமனார் உத்தியோகத்தைப் பார்த்துத்தான் பெண் கொடுத்தார். முகத்தைப் பார்த்துக் கொடுக்கவில்லை என்பதை அவரே நாலு பேர் நடுவில் சொல்லியிருக்கிறார்.

எண்ணெயம்மாவை முதலில் பார்த்தது சோதனைக்குப் போனபோது. ஓடைக்கரையில் புகை வருகிறது, செம்பு அண்டா இருக்கிறது, அண்டாவிலிருந்து குழாய் போய்த் தண்ணீர்த் தொட்டியில் இறங்குகிறது, குழாயின் வாயில் பாட்டில் இருக்கிறது என்று யாரோ துப்புக் கொடுத்திருந்தார்கள். எங்கள் இன்ஸ்பெக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, நாலு கான்ஸ்டபிள்களோடு கிளம்பிவிட்டார். நான் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

அடுப்புக்குப் பக்கத்தில் புல் குவித்திருந்தது. புல் என்றால் மாட்டுக்குப் போடுகிற புல் இல்லை, எலுமிச்சம்புல். கசக்கினால் எலுமிச்சை வாசனை வருமே, அது. அண்டாவை மூடிக் களிமண் பூசி, ஆவியாக்கி, குளிரவைத்து அந்த அம்மாள் எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தார். ஓடையே மணத்தது. எனக்கே தெரிந்துவிட்டது. இன்ஸ்பெக்டருக்கு மட்டும் தெரியவில்லை, அல்லது தெரிந்துகொள்ள அவர் விரும்பவில்லை.

"சாராயம் காய்ச்சறியா?" என்று ஒரு அதட்டல் போட்டார்.

எண்ணெயம்மா எழுந்திருக்கக்கூட இல்லை. அவரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஐயாவுக்கு மூக்கு அடைச்சிருக்குதுங்களா?"

கான்ஸ்டபிள் ஒருவன் சிரித்துவிட்டான். அதுதான் வினையாகப் போயிற்று. சிரிப்புச் சத்தம் கேட்ட பிறகு எந்த இன்ஸ்பெக்டர் வெறுங்கையோடு திரும்புவார்? பதினாலு பாட்டில் எண்ணெயையும் எடுத்து வரச் சொன்னார். சேலத்துக்கு அனுப்பிப் பரிசோதித்துவிட்டுத் தருவோம் என்றார்.

இந்த இடத்தில்தான் நான் ஒரு காரியம் செய்தேன். ஒவ்வொரு பாட்டிலின் கழுத்திலும் ஒரு நூல் கட்டியிருந்தது. சிலதில் சிவப்பு, சிலதில் கறுப்பு, சிலதில் வெள்ளை. ஸ்டேஷனுக்கு வந்ததும், அழுக்காக இருக்கிறதே என்று எல்லாவற்றையும் கத்தரித்துப் போட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று என் அழகான கையெழுத்தில் சீட்டு எழுதி ஒட்டினேன். ரிஜிஸ்டரில் 'மஞ்சள் நிற எண்ணெய், பாட்டில் பதினான்கு, எல்லாம் ஒரே மாதிரி' என்று ஒரு வரி எழுதினேன். இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டு, "நீட்டா இருக்கு" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

'ஒரே மாதிரி' என்ற வார்த்தையை எண்ணெயம்மாவிடம் யாரும் சொல்லித் தப்ப முடியாது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அவர் பிறந்தது ஓசூர்ப் பக்கம், கன்னடம் பேசுகிற வீடு. கோபம் வந்தால், வேண்டாம் என்பதைக் கன்னடத்தில் 'பேடா, பேடா' என்பார். எந்தப் பொருளானாலும் மோந்து பார்த்த பிறகுதான் அது என்ன என்று ஒத்துக்கொள்வார். கடையில் புளி வாங்கினாலும், உறவுக்காரர் குழந்தையைத் தூக்கினாலும் முதலில் மூக்குதான் போகும். வெற்றிலையைக் கிள்ளிப் பார்த்து, "இது பாப்பாரப்பட்டிச் சந்தையில வாங்குனது இல்ல. காரம் வேற" என்பார். கடைக்காரர் அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டு உண்மையைச் சொல்வார். எங்கள் ஸ்டேஷன் பானையிலிருந்து ஒரு தரம் தண்ணீர் கொடுத்தோம். வாயருகே கொண்டுபோய்விட்டுக் கீழே வைத்துவிட்டார். "பிள்ளையார் கோயில் கெணறுங்களா? அரச எல ஊறின வாசம். எனக்கு ஆகாதுங்க" என்றார். அந்தக் கிணற்றின் மேல் ஒரு அரசமரம் கவிந்திருந்தது வாஸ்தவம். ஸ்டேஷனிலும் வீட்டிலும் அத்தனை நாளாக அந்தத் தண்ணீரைக் குடித்த எங்களுக்கு ஒரு வாசனையும் தெரிந்ததில்லை.

கோயில் பூசாரியோடு அவருக்கு ஒரு துளசிச் சண்டை உண்டு. பூசாரி தொப்பூரில் இருக்கும் தன் அக்காள் வீட்டிலிருந்து துளசி நாற்று கொண்டுவந்து நட்டார். அக்காள் வீட்டுத் துளசி கற்பூரமாக மணக்கும் என்று ஊரெல்லாம் பெருமை. நட்டு இரண்டு மழை போனதும் எண்ணெயம்மா வந்து ஒரு இலையைக் கசக்கினார். மோந்தார். "கிராம்பு வாசம் வருது. உங்கக்கா வூட்டுத் துளசி உங்கக்கா வூட்லதாங்க இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பூசாரி ஒரு மாதம் அவருக்குத் தீர்த்தம் கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பேரு ஒண்ணுதான், ஆளு வேற." எதற்கெடுத்தாலும் இதைத்தான் சொல்வார். என்னிடமும் சொன்னார். "உங்க ரிஜிஸ்டர்ல எத்தன முருகன் இருக்கறாங்க? ஒரு முருகன் தப்புப் பண்ணா எல்லா முருகனையும் புடிப்பீங்களா?" பிடித்திருக்கிறோம். அதை நான் சொல்லவில்லை.

அவருடைய புருஷன் பரம சாது. அடுப்புக்கு விறகு தள்ளுவது அவர் வேலை. மூக்குப்பொடி போடுகிற பழக்கம் மட்டும் உண்டு. பொடி வாசனை எண்ணெயில் ஏறிவிடும் என்று எண்ணெயம்மா வீட்டுப் பக்கமே பொடியை விடமாட்டார். பாவம், அவர் ஓடையைத் தாண்டி அக்கரைக்குப் போய், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, ஒரு சிட்டிகை போட்டுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வருவார். வந்ததும் பிடிபடுவார். நான் பார்த்தே ஏழெட்டு முறை இருக்கும்.

ஒரு சமயம் ஊரே சேர்ந்து ஒரு புத்திசாலித்தனம் செய்ததாம். மலைமேல் ஏறிப் புல் அறுப்பது முழி பிதுங்குகிற வேலை. அந்தப் புல்லையே வேரோடு கொண்டுவந்து கிணற்றுப் பாசனத்தில் நட்டால் என்ன என்று நட்டார்கள். புல் இடுப்பளவு வளர்ந்தது. எண்ணெயும் இரண்டு பங்கு வந்தது. மேளம் கொட்டாத குறை. எண்ணெயம்மா ஒரு சொட்டு மணிக்கட்டில் தடவி மோந்தார். அந்தப் பாட்டில்களுக்கு வெள்ளை நூல் கட்டினார்.

"மேல இருந்தப்போ வெயிலும் காத்தும் அதைப் போட்டு வாட்டுச்சு. வாசம் ஏறுச்சு. இங்க வந்து தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்துக்கிச்சுங்க" என்று அதைப் பற்றிப் பின்னால் என்னிடம் சொன்னார். ஏதோ உருப்படாத மருமகனைப் பற்றிப் பேசுகிற தோரணை.

அப்படி வந்ததுதான் அந்த நூல் வழக்கம். எழுதப் படிக்கத் தெரியாதவர் வேறு என்ன செய்வார்? சித்தேரி மேட்டில் அறுத்த புல்லின் எண்ணெய்க்குச் சிவப்பு நூல். தொப்பூர்க் கணவாய்ச் சரிவில் அவருடைய தங்கை வீட்டில் வடித்து அனுப்புகிற எண்ணெய்க்குக் கறுப்பு. வயற்காட்டு எண்ணெய்க்கு வெள்ளை. மூன்றும் மஞ்சள்தான். மூன்றும் என் மூக்குக்கு எலுமிச்சைதான். பெங்களூரிலிருந்து வருகிற சாயபு, சிவப்பு நூல் பாட்டிலை மட்டும் சென்ட்டுக்கு எடுப்பார். மற்றது சோப்புக்குப் போகும். எண்ணெயம்மா நூலைக் காட்டினால் போதும், சாயபு மறுபேச்சுப் பேசமாட்டார். ஒரு தரம் கலப்படம் வந்தால் அடுத்த தரம் வண்டி இந்தப் பக்கம் திரும்பாது என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார். அந்த வண்டியை நம்பி மலைமேல் இருபது வீட்டுக்காரர்கள் புல் அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

சேலத்திலிருந்து 'இது சாராயம் அல்ல' என்று ஒரு காகிதம் வந்தது. பாட்டில்களும் திரும்பி வந்தன. இன்ஸ்பெக்டர் முகாம் போயிருந்தார். அவர் கையெழுத்து இல்லாமல் தரமுடியாது என்று நான் சட்டம் பேசினேன். எண்ணெயம்மா இரண்டு நாள் ஸ்டேஷன் வாசலில் வந்து நின்றார். இரண்டு நாளும் நல்ல மழை. உள்ளே வந்து உட்காருங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் இன்ஸ்பெக்டர் திரும்பி வந்து கையெழுத்துப் போட்டதும் பாட்டில்களைக் கொடுத்தேன். ஒன்று முதல் பதினான்கு வரை என் சீட்டு ஒட்டிய பாட்டில்கள். அவர் கழுத்துகளைத் தடவிப் பார்த்தார்.

"நூலு எங்கீங்க?"

"அழுக்கா இருந்ததும்மா. எடுத்துட்டேன்."

அவர் ஒரு பாட்டிலைத் திறந்து மோந்தார். இன்னொன்றைத் திறந்தார். மூன்றாவதைத் திறந்து, மூக்கை உறிஞ்சி, மறுபடி மோந்தார். அப்போதுதான் கவனித்தேன். மழையில் நின்று அவருக்குச் சளி பிடித்து, குரலே கட்டியிருந்தது. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"ஒண்ணுந் தெரியலீங்களே" என்றார்.

அந்த முகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. சந்தைக் கூட்டத்தில் தாயைத் தொலைத்த குழந்தையின் முகம் அது. சாயபு மறுநாள் காலையில் வருகிறார்.

"வேற வழியே இல்லியாம்மா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "சாயபு ஒரு வேல பண்ணுவாருங்க. கண்ணாடிக் குழாயில எண்ணெய் ரெண்டு சொட்டு வுட்டு ஸ்பிரிட்டு ஊத்துவாரு. நம்ம மலை எண்ணெயின்னா கரைஞ்சு தெளிஞ்சு நிக்கும். வயக்காட்டு எண்ணெய் பாலாட்டம் கலங்கிடும். தொப்பூரு மொதல்ல தெளியும், இன்னுங் கொஞ்சம் ஊத்தினா மெதுவாக் கலங்கும். எனக்கு அது எதுக்குன்னு வேடிக்க பாத்துட்டு நிப்பேன். ஆனா ஸ்பிரிட்டுக்கு எங்கீங்க போறது? சொட்டு இல்லாம நீங்கதான் ஜில்லாவையே தொடச்சு வெச்சிருக்கறீங்களே."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். எனக்குப் பின்னால் இருந்த பூட்டிய அறையில் பிடித்த சரக்கு முப்பது பாட்டில் இருந்தது. அதில் ஒன்று முதல் வடி. தீக்குச்சியைக் காட்டினால் குப்பென்று நீலமாகப் பிடிக்கும். பிடித்த அன்றே, 'முதல் வடி, நன்றாக எரிகிறது' என்று அதில் சீட்டு எழுதி ஒட்டியவனும் நான்தான். அறைச் சாவி என் இடுப்பில் இருந்தது.

மத்தியானம் இன்ஸ்பெக்டர் சாப்பிட்டுப் படுத்த நேரத்தில், மதுவிலக்கு ஸ்டேஷன் ரைட்டராகிய நான், சாராயப் பாட்டிலைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு என் வீட்டுக்கு நடந்தேன். வழியில் ஒரு நாய் குரைத்ததற்கு வேர்த்துவிட்டது. என் மனைவி மருந்து குடிக்கிற சின்னக் கண்ணாடிக் கிளாஸை எடுத்துக் கொடுத்தாள். 'இந்த மனுஷருக்கா என்னைக் கட்டிக்கொடுத்தார்கள்' என்ற பார்வையும் கூடவே வந்தது.

எண்ணெயம்மா பாட்டில்களோடு முன்பே அங்கே வந்திருந்தார். முதல் பாட்டில் தெளிந்தது. இரண்டாவது பால். மூன்றாவது தெளிந்து, இன்னும் கொஞ்சம் ஊற்றியதும் மெல்ல மங்கியது. கிளாஸைக் கழுவிக் கழுவிப் பதினாலையும் பார்த்தேன். ஆறு தெளிவு, ஐந்து பால், மூன்று இரண்டுங்கெட்டான். எண்ணெயம்மா வாசல்படியில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினார்.

"செவப்பு ஆறு, வெள்ள அஞ்சு, கறுப்பு மூணு. சரியா இருக்குதுங்க" என்றவர், மூக்கைத் துடைப்பதுபோலக் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

தையற்கடையில் நூல் வாங்கி வந்து நானே கட்டினேன். அன்றைக்குத்தான் எனக்கே விளங்கிற்று. ஒரே புல், ஒரே அண்டா, ஒரே அடுப்பு. விளைந்த இடம் மட்டும் வேறு. அதைப் போய் 'ஒரே மாதிரி' என்று எழுதியவன் நான். மறுநாள் சாயபு வந்தார், நூலைப் பார்த்தார், வழக்கம்போலக் குழாயில் ஒரு தடவை பார்த்தார், சிவப்பு ஆறையும் எடுத்துக்கொண்டு போனார். மலைமேல் புல் அறுப்பு நிற்கவில்லை.

எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று. சாராயப் பாட்டில் மட்டும் பாதி ஆகியிருந்தது. அதற்கென்ன, அவசரத்தில் எங்கள் வீட்டுக் குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றிக் கழுத்துவரை நிரப்பி, பழைய இடத்தில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

பிடித்த சரக்கைக் கீழே கொட்டுகிற நாள் வந்தது. எங்கள் இன்ஸ்பெக்டருக்கு அது திருவிழா. கொட்டுவதற்கு முன் ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்துத் தீக்குச்சி காட்டி, எரிகிறதா என்று பார்த்து ரசிப்பார். முதல் வடியைக் கடைசிக்கு வைத்திருந்தார். கரண்டியில் ஊற்றிக் குச்சியைக் காட்டினார். உஸ் என்று குச்சிதான் அணைந்தது. இன்னொரு குச்சி. அதுவும் அணைந்தது. சீட்டைப் படித்தார். 'நன்றாக எரிகிறது.' தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"யோவ் ரைட்டர். சாவி யார்கிட்ட இருக்கு?"

"எங்கிட்டத்தானுங்க."

"பாதியக் குடிச்சிட்டுத் தண்ணி ஊத்தி வச்சியா?"

உண்மையைச் சொன்னால் சரக்கறையைத் திறந்து கொடுத்ததாக ஆகும். சொல்லாவிட்டால் குடித்தவன். எப்படிப் பார்த்தாலும் மாமனார் வீட்டுத் திசையில் தலைவைத்துப் படுக்க முடியாது. "இல்லீங்க, ஆவியாப் போயிருக்கும்" என்று உளறினேன்.

"கழுத்துவரைக்கும் ரொம்பியிருக்கற பாட்டில் ஆவியாப் போச்சா? கூப்புடு அந்த எண்ணெய்க்காரம்மாவ. அது சொல்லட்டும் தண்ணியா இல்லையான்னு. அது சொன்னா நான் எழுதிடுவேன், உனக்குச் சீட்டுக் கிழிஞ்சிடும்" என்றார்.

அந்த அம்மாளின் மூக்கின் மேல் அவருக்கு அதற்குள் அபார மரியாதை வந்திருந்தது. முன்பு ஒரு முறை ஊறல் பானை தேடக்கூடக் கூப்பிட்டிருந்தார். "என் மூக்கு போலீசு நாயி இல்லீங்க" என்று சொல்லி அவர் வரவில்லை. இந்தத் தடவை கான்ஸ்டபிள் போய்க் கையோடு கூட்டிவந்தான். புருஷனும் கூட வந்து, வாசலுக்கு எதிரே ரோட்டோரத்துப் புளியமரத்தடியில் நின்றுகொண்டார்.

எண்ணெயம்மாவுக்குச் சளி விட்டு நாலு நாள் ஆகியிருந்தது. எனக்கு நன்றாகத் தெரியும். அன்று காலையில்கூட வழியில் பார்த்து, "வூட்ல முருங்கக்கீரைங்களா" என்று கேட்டிருந்தார். கீரைதான்.

இன்ஸ்பெக்டர் பாட்டிலை நீட்டினார். எண்ணெயம்மா வாங்கி மோந்தார். ஒரு முறைதான் மோந்தார், அவருக்கு அதற்கு மேல் தேவைப்படாது. பிறகு என்னைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வெற்றிலைக்கும் துளசிக்கும் வளைந்து கொடுக்காத மனுஷி, எனக்காகவா வளைந்து கொடுக்கப் போகிறார்?

"சளி இன்னும் வுடலீங்க ஐயா. ஒண்ணுந் தெரியலீங்க" என்றார்.

பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டு, கை இரண்டையும் முந்தானையில் துடைத்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் "சரி, போம்மா" என்றார். அவர் என்னைக் கடந்து போகையில், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"பிள்ளையார் கோயில் கெணத்துத் தண்ணி. இனிமே என்னைய இந்த மாதிரிச் சொல்ல வெக்காதீங்க ரைட்டரய்யா. எனக்கு இருக்கறது இது ஒண்ணுதான்."

படி இறங்கிப் போனார். எனக்கு உயிர் வந்தது. அது முழுசாக வந்து சேருவதற்குள், ரோட்டுப் பக்கமிருந்து அவர் குரல் ஓங்கிக் கேட்டது. புளியமரம் இன்னும் இருபது அடி தூரத்தில் இருந்தது.

"என்னாங்க! மறுபடியும் பொடி போட்டீங்களா? இங்க வரைக்கும் அடிக்குது!"

மரத்தடியில் அந்த சாது மனிதர் மூக்கை அவசரமாகத் துண்டால் துடைத்தார். கான்ஸ்டபிள்கள் ஆளுக்கொரு திசையைப் பார்த்தார்கள். எண்ணெயம்மா நின்றார், திரும்பி ஸ்டேஷனைப் பார்த்தார், தலையில் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு விடுவிடென்று நடந்தார்.

இன்ஸ்பெக்டர் ஜன்னல் வழியாக அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். என் வேலை, என் சம்சாரம், என் மாமனார் எல்லோரும் என் கண்முன் வந்து நின்றார்கள். அவர் அந்தப் பாட்டிலைத் தூக்கி, தானே வெளியில் கொண்டுபோய், மண்ணில் கவிழ்த்துவிட்டு வந்தார்.

"எழுதிக்க. முப்பது பாட்டில், கீழ கொட்டியாச்சு" என்றார்.

"ஐயா..." என்றேன்.

"நீ குடிச்சிருந்தா அந்தம்மா பொய் சொல்லியிருக்காதுய்யா. எழுது" என்றார்.